யூபிஎம் ஸ்கேன்: உயிருள்ள கண்ணை மைக்ரான் அளவில் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். கண்ணின் முன்பகுதியை ஒலியால் நுணுக்கமாகப் படமெடுக்கும் அல்ட்ராசவுண்ட் பயோமைக்ராஸ்கோபியை நாங்கள் சுருக்கமாக யூபிஎம் என்போம். அதைப் புதிதாகக் கற்க வருகிறவர்களைச் சில வருடங்களாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். படம் மங்கலாக வந்ததும் கை நேரே, எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயின் குமிழுக்குப் போய்விடும். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கும், ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியான ப்ரோபுக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஸ்பூன் தண்ணீரில் இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேசப்போகிறேன், இயந்திரத்தின் பொத்தான்கள் கடைசியில் வரும்.

எந்த கம்பெனி இயந்திரமாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். யாருக்கு ஸ்கேன் வேண்டும், படத்துக்கு என்ன அர்த்தம் என்பதை முடிவு செய்வது டாக்டர். நம் வேலை நம்பத்தகுந்த படத்தைக் கொடுப்பது.

1. முதலில் மூன்று எண்களை மனதில் வையுங்கள்

வயிற்று ஸ்கேனில் பயன்படுத்துவது 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம். யூபிஎம்மில் 35 முதல் 50 மெகாஹெர்ட்ஸ். திசுவில் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 30 மைக்ரான். அலை சிறியதானால்தான் சின்ன விஷயம் தெரியும். ஆழவாக்கில் சுமார் 25 மைக்ரான் வரையிலும் பக்கவாட்டில் சுமார் 50 மைக்ரான் வரையிலும் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இதற்கு விலை ஆழம். அதிர்வெண் கூடக் கூட திசு ஒலியை விழுங்கிவிடும். 50 மெகாஹெர்ட்ஸில் 4 அல்லது 5 மி.மீ.க்குக் கீழே ஒன்றும் கிடைக்காது. அதாவது கார்னியா (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம்), ஐரிஸ் (கண்மணியைச் சுற்றிய வண்ணத் திரை), ஆங்கிள் (இவை இரண்டும் சந்திக்கும் மூலை, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் இடம்), சிலியரி பாடி (ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் வளையம்), லென்ஸின் முன்பக்கம், அவ்வளவுதான். விழித்திரை தெரியவில்லையே என்று ஒரு தம்பி அரை மணி நேரம் தேடிக்கொண்டிருந்தான். அதற்கு, குறைந்த அதிர்வெண்ணில் ஆழம் வரை பார்க்கும் பி-ஸ்கேன் இருக்கிறது.

மூன்றாவது எண் ஃபோகஸ். பெரும்பாலான யூபிஎம் ப்ரோப்களில் குழிவான ஒற்றைத் தகடு ஒன்றுதான் அசைந்து அசைந்து படம் எடுக்கும். அதன் ஃபோகஸ் தகட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் நிலையாக இருக்கும், பொத்தான் அழுத்தி மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமென்றால் உங்கள் கைதான் மேலே கீழே போக வேண்டும். அந்தத் தூரம் எத்தனை மி.மீ. என்று கையேட்டில் பார்த்து ப்ரோப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

2. நோயாளிக்கு முன்னால் ஒரு தலைமுடி, அப்புறம் ஒரு ஆட்டுக் கண்

நேராக நோயாளியிடம் போகாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் குறுக்கே உங்கள் தலைமுடி ஒன்றை இழுத்துக் கட்டி டேப் போட்டு ஒட்டுங்கள். முடியின் குறுக்களவு 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ப்ரோபை முடிக்குக் குறுக்காக நனைத்தால் திரையில் ஒரு புள்ளி வரும்.

இப்போது ப்ரோபை மெதுவாக மேலே தூக்குங்கள், இறக்குங்கள். ஓரிடத்தில் அந்தப் புள்ளி கடுகு மாதிரி கச்சிதமாக இருக்கும், அங்கிருந்து விலகினால் பக்கவாட்டில் இழுபட்டு வில்லாக வளையும். கச்சிதமாக இருக்கும் அந்த உயரம்தான் ஃபோகஸ். புத்தகத்தில் பத்து தடவை படித்தாலும் கைக்கு ஏறாதது இந்த முடிப் பயிற்சியில் பத்து நிமிடத்தில் ஏறிவிடும்.

அடுத்தது ஆட்டுக் கண். காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்தால் எடுத்துவைத்துத் தருவார்கள். அன்றைக்கே பயன்படுத்துங்கள், நேரம் ஆக ஆக கார்னியா உப்பி வெண்மையாகிவிடும். ஒரு சின்ன டம்ளர் வாயில் கண்ணை உட்காரவைத்து, மேலே கப் (தண்ணீரைத் தேக்கக் கண்ணின் மேல் பொருத்தும், அடி திறந்த கிண்ணம்) வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆங்கிளைத் தேடிப் பழகுங்கள். கார்னியாவில் இடித்துவிட்டால் எப்படி இருக்கும் என்று வேண்டுமென்றே ஒரு தடவை இடித்தும் பாருங்கள். மனிதக் கண்ணில் அது நடக்கவே கூடாது என்பதால் அந்த உணர்வு கைக்கு இங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டுக் கண்ணில் கிடைக்காத ஒன்று உண்டு, அசைவு. உயிருள்ள கண்ணில் ஐரிஸ் சும்மா இருக்காது, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், கண்மணி லேசாகத் துடிக்கும். இரண்டு நாள் ஆட்டுக் கண்ணில் பழகிவிட்டு முதல் நோயாளியைப் பார்க்கும்போது படம் நழுவுவது போல் தோன்றும். பயப்பட வேண்டாம், அது உயிர்.

3. யாருக்குச் செய்யக் கூடாது என்று முதலில் கேளுங்கள்

கண்ணில் அடிபட்டுத் திறந்த காயம் இருந்தால் கூடாது. சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தால் டாக்டர் தெளிவாகச் சொல்லாமல் தொடாதீர்கள். கார்னியாவில் புண், கீறல், எந்தத் தொற்றாக இருந்தாலும் கூடாது. மெட்ராஸ் ஐ வந்தவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள், ஒரு கப்பின் வழியாக வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்விடும்.

அப்புறம், இன்று என்ன சொட்டு போட்டீர்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். பைலோகார்பின் போட்டிருந்தால் கண்மணி சுருங்கி, ஐரிஸ் இழுபட்டிருக்கும், ஆங்கிள் இயல்பாக இருக்காது. கண்மணியை விரிக்கும் சொட்டு போட்டிருந்தாலும் அதே கதை. "எதுவும் போடலைங்க" என்பார்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் நான்கு பாட்டில் வரும்.

4. அறையைத் தயார் செய்யுங்கள்: சூடு, வெளிச்சம், ஈரம்

டிசம்பர் காலையில் எங்கள் அறைக்குள்ளேயே 12 டிகிரிதான் இருக்கும். குளிரில் நடுங்குகிறவரின் கண் ஓரிடத்தில் நிற்காது. முதல் நோயாளி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போடுங்கள். ஆனால் ஹீட்டர் காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது, கண் வறண்டு எரியும். கம்பளியை இடுப்பு வரை போர்த்திவிடுங்கள்.

ப்ரோபையும் அதே அரை மணி நேரத்துக்கு முன்னால் அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்ற ப்ரோப் சூடான அறைக்கு வந்ததும் கனெக்டரில் நீர் கோர்க்கும், அந்த ஈரத்தோடு செருகினால் படத்தில் கோடு கோடாக இரைச்சல் வரும், நாளடைவில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி முனைகள் கெட்டுப்போகும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இருக்கட்டும்.

வெளிச்சம்தான் நிறைய பேர் மறக்கிற விஷயம். இருட்டில் கண்மணி விரிந்தால் ஐரிஸின் ஓரம் தடித்து ஆங்கிள் குறுகும். வெளிச்சத்தில் திறந்திருக்கும் ஆங்கிள் இருட்டில் மூடிக்கொள்ளலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் பாதி நோயாளிகளை அனுப்பவே அனுப்புகிறார்கள். ஆக வெளிச்சம் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இங்கே ஜன்னலை நம்ப முடியாது, வலது கண் பார்க்கும்போது வெயில் அடிக்கும், இடது கண்ணுக்குப் போவதற்குள் மஞ்சு இறங்கி அறையே சாம்பல் நிறமாகிவிடும். கனமான திரை போட்டு மூடிவிட்டு, ட்யூப்லைட் போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை என்று எடுங்கள். அணைத்த பிறகு ஒரு நிமிடமாவது காத்திருங்கள். மானிட்டர் வெளிச்சம் நோயாளியின் முகத்தில் விழாதபடி திருப்பி வையுங்கள்.

யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். காற்றும் மழையும் அடிக்கிற நாளில், கப்பில் தண்ணீரும் கையில் ப்ரோபுமாக இருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

5. தண்ணீரைத் தயார் செய்வது: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒலிக்குக் காற்று என்றால் சுவர். ஊசிமுனை அளவு குமிழி ஒன்று கார்னியா மேல் உட்கார்ந்திருந்தால் அதற்குக் கீழே கருநிழல் விழும். அந்த நிழல் ஆங்கிளின் மேல் விழுந்தால் போச்சு.

மலையில் இந்தத் தொல்லை அதிகம், காரணம் எளிது. அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், மலைப்பாதையில் பர்லியாறு தாண்டுவதற்குள் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஊட்டியில் இன்னும் குறைவு, நான்கில் மூன்று பங்கு. கப்பில் நாம் ஊற்றுவது சலைன், அதாவது உப்பு நீர். சமவெளியில் நிரப்பிய சலைன் பாட்டிலுக்குள் கரைந்திருக்கும் காற்று, இங்கே மூடியைத் திறந்ததும் வெளியே வரப் பார்க்கும். அதோடு குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும், அது கண்ணின் சூட்டில் பட்டதும் குமிழியாகப் பிரியும். ஊற்றும்போது கண்ணாடி மாதிரி இருந்த சலைன், இரண்டு நிமிடம் கழித்து கப்பின் சுவரெங்கும் சோடா மாதிரி குட்டிக் குட்டி முத்து கோத்திருப்பதை முதல் தடவை பார்த்தபோது பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அதனால் வரிசையாக இப்படிச் செய்யுங்கள். மூடிய சலைன் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி 35 டிகிரி பக்கம் கொண்டுவாருங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்போமே, அதே சோதனை, சுடவும் கூடாது சில்லென்றும் இருக்கக் கூடாது. குலுக்காதீர்கள்.

அடுத்து, ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் 10 மில்லி உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, ஸ்டெரைல் மூடி போட்டு, பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். உள்ளே அழுத்தம் குறைந்து கரைந்திருந்த காற்றெல்லாம் குமிழியாகக் கிளம்பி வரும். சிரிஞ்சை நிமிர்த்தி விரலால் தட்டி, மூடியைத் திறந்து காற்றை வெளியே தள்ளுங்கள். இதை மூன்று தடவை செய்தால் போதும். செலவு ஒன்றுமில்லை.

சூடாக்குவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. தண்ணீரும் ஒலியை விழுங்கும், குளிர்ந்த தண்ணீர் இன்னும் அதிகமாக விழுங்கும். 50 மெகாஹெர்ட்ஸில் 10 டிகிரி தண்ணீரில் ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 7 முதல் 8 டெசிபெல் போய்விடுகிறது, உடல் சூட்டுக்கு வந்தால் அது கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒலி போகவும் வேண்டும் திரும்பி வரவும் வேண்டும் என்பதால் இந்த மிச்சம் சின்னதல்ல. கெயினை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும், தண்ணீரைச் சூடாக்கினால் படம் மட்டும் ஏறும்.

கசிவை அடைக்க மெத்தில் செல்லுலோஸ் என்ற கெட்டியான ஜெல் வைத்திருந்தால் பாட்டிலை முந்தைய நாள் இரவே தலைகீழாக நிறுத்திவிடுங்கள், குமிழிகள் அடிப்பக்கம் ஏறிக்கொள்ளும், வாய்ப்பக்கம் சுத்தமாக இருக்கும். ஜெல்லுக்குள் மாட்டிய குமிழி தானாக வெளியே வரவே வராது.

6. படுக்க வைப்பது

நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மல்லாக்கப் படுக்க வேண்டும். கப்பில் இருக்கும் தண்ணீருக்கு முகம்தான் தரை, முகம் சாய்ந்தால் ஒரு பக்கம் வழியும், மறுபக்கம் வறளும். கூன் விழுந்த பாட்டிகளுக்குக் கழுத்துக்குக் கீழே துண்டைச் சுருட்டி வையுங்கள். மூச்சிரைப்பு இருப்பவர்கள் எத்தனை நிமிடம் படுக்க முடியும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, முக்கியமான கண்ணை முதலில் பாருங்கள். காதோரத்தில் காஸ் துணி ஒன்றை மடித்து வையுங்கள், தண்ணீர் காதுக்குள் போனால் யாராக இருந்தாலும் தலையைத் திருப்பிவிடுவார்கள்.

இருமல் வந்தாலோ முடியவில்லை என்றாலோ கையை உயர்த்தச் சொல்லுங்கள், பேசவோ தலையாட்டவோ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கை உயர்ந்தால் முதலில் ப்ரோப் வெளியே வர வேண்டும், அப்புறம்தான் கப். இந்த வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

எங்களிடம் வரும் படுகர் ஊர்ப் பாட்டிகள் பலருக்குத் தமிழ் புரியும், ஆனால் பதற்றத்தில் படுகுதான் காதில் ஏறும். கூட வந்த பேத்தியை உள்ளேயே உட்காரவைத்து, "மேலே பார்க்கச் சொல்லும்மா, இப்போ மூக்குப் பக்கம்" என்று அவளிடம் சொன்னால் வேலை பாதி நேரத்தில் முடியும்.

7. சொட்டு, கப், நீர்

மரத்துப்போகும் சொட்டை இரண்டு கண்ணிலும் போடுங்கள். பார்ப்பது ஒரு கண்தானே என்று கேட்பார்கள். மறு கண் எரிந்து சிமிட்டினால் இந்தக் கண்ணும் சேர்ந்து சிமிட்டும். ஒரு நிமிடம் விட்டு, ஸ்கேன் செய்யும் கண்ணுக்கு இன்னொரு சொட்டு.

கப் பல அளவில் வரும், 20, 22, 24 மி.மீ. என்று. இமை இடுக்குக்குப் பொருந்துவதில் பெரியதை எடுங்கள். சின்ன கப், கார்னியாவும் வெள்ளைவிழியும் சேரும் ஓரமான லிம்பஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தும், அதன் கேட்டைப் பின்னால் சொல்கிறேன். கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி, கப்பின் மேல் விளிம்பை உள்ளே விடுங்கள். அப்புறம் மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையை இழுத்துக் கீழ் விளிம்பை விடுங்கள். இரண்டையும் ஒரே அழுத்தில் தள்ளப் பார்ப்பவர்கள்தான் அதிகம், நோயாளி துள்ளிவிடுவார்.

கப்பின் உள்ளடியைச் சுற்றி மெத்தில் செல்லுலோஸ் ஒரு வளையம் விடுங்கள், அது கசிவை அடைக்கும். அதன் மேல் சலைனைக் கப்பின் உள்சுவர் வழியாக, டம்ளரைச் சாய்த்து சோடா ஊற்றுவோமே அப்படி, மெதுவாக இறக்குங்கள். நடுவில் உயரத்திலிருந்து ஊற்றினால் அதுவரை செய்த அத்தனையும் வீண். நிரப்பியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழி இருந்தால் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், விரலையோ பஞ்சையோ உள்ளே விட வேண்டாம்.

பை மாட்டிய மூடிய ப்ரோப் உங்களிடம் இருந்தால் கப் தேவையில்லை. ஆனால் பைக்குள் இருக்கும் தண்ணீருக்கும் மேலே சொன்ன குமிழிக் கதை அப்படியே பொருந்தும்.

8. ப்ரோபை இறக்குவது

தகடு குழிவானது என்று சொன்னேன் அல்லவா, அந்தக் குழிக்குள் ஒரு காற்றுத் துளி கவிழ்ந்துகொள்ளும். செங்குத்தாக இறக்கினால் கட்டாயம் மாட்டும். கரண்டியைச் சாய்த்துத் தண்ணீரில் விடுவது போல ஒரு ஓரமாக நனைத்து, அப்புறம் நிமிர்த்துங்கள். படம் முழுக்க இருட்டாக வந்தால் ஒன்பது தடவை இதுதான் காரணம், பத்தாவது தடவைதான் ஒயர்.

உள்ளங்கையின் அடிப்பகுதி நோயாளியின் நெற்றியிலோ கன்னத்திலோ ஊன்றியிருக்கட்டும். தலை அசைந்தால் கையும் கூடவே அசையும், ப்ரோப் கண்ணில் இடிக்காது. அந்தரத்தில் கையைப் பிடிப்பவரை நான் நோயாளியிடம் விடுவதே இல்லை.

நனைந்த பிறகு, ஸ்கேனை ஓட்டும் பெடலை மிதியுங்கள். வெளியே எடுக்கும்போது பெடலை விட்ட பிறகு தூக்குங்கள். திறந்த வகை ப்ரோபில் தகடு வேகமாக ஆடிக்கொண்டிருக்கும், கார்னியாவைத் தொட்டால் கீறல்தான். மரத்துப்போன கண் என்பதால் அந்த நேரத்தில் நோயாளிக்கே தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். திரையில் கார்னியாவின் கோடு எப்போதும் தெரிய வேண்டும், அது திரையின் மேல் விளிம்பை நோக்கி ஏறினால் நீங்கள் இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். கண்ணைப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள், நனைந்த பிறகுதான் திரையைப் பார்க்க வேண்டும்.

9. செங்குத்து, செங்குத்து, செங்குத்து

முதல் படம் நடுவில். கார்னியாவின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு பளிச்சென்ற கோடுகளாகவும், அதற்குக் கீழே லென்ஸின் மேலுறை ஒரு பளிச் கோடாகவும், கண்மணி இரு பக்கமும் சமமாகவும் வந்தால் ஒலி நேராக விழுகிறது. சாய்ந்தால் எதிரொலி திரும்ப வேறெங்கோ போய்விடும், கோடு மங்கும். கெயினைத் தொடாமல் மணிக்கட்டை மட்டும் லேசாகச் சாய்த்து கோடு பளிச்சிடும் நிலையைத் தேடுங்கள்.

பிறகு 12, 3, 6, 9 மணி திசைகளில் ஆங்கிளைப் பாருங்கள். ப்ரோப் லிம்பஸுக்கு மேலே வர வேண்டும், ஸ்கேன் கோடு லிம்பஸைக் குறுக்கே வெட்ட வேண்டும். 6 மணி ஆங்கிளுக்கு நோயாளி மேலே பார்க்க வேண்டும், 12 மணிக்குக் கீழே. அதாவது எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்வை. கூரையில் வண்ணப் பொட்டுகள் ஒட்டிவைத்தால் "சிவப்பைப் பாருங்க, பச்சையைப் பாருங்க" என்று சொல்லலாம், இது "இடது, வலது" குழப்பத்தைத் தவிர்க்கும். ப்ரோபில் இருக்கும் குறி எந்தப் பக்கம் என்று உங்கள் இடத்தில் ஒரு வழக்கம் வைத்து, அதை மாற்றவே மாற்றாதீர்கள்.

இப்போது கண்டுபிடிக்க வேண்டியது ஸ்க்லீரல் ஸ்பர். கண்ணின் வெள்ளைவிழியான ஸ்க்லீரா பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், கார்னியா அதைவிட மங்கல். அந்த வெள்ளையின் உள்பக்க நுனி ஆப்பு மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் ஸ்பர். அது தெரியாத படத்தை எத்தனை அழகாக இருந்தாலும் சேமிக்க வேண்டாம், ஏனென்றால் எல்லா அளவும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. சிலியரி பாடியின் மடிப்புகளான சிலியரி ப்ராசஸ்கள் தெரிய வேண்டுமென்றால் ப்ரோபைப் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். அவை விரல்கள் மாதிரி இடைவெளி விட்டு நிற்பவை, இரண்டு விரலுக்கு நடுவில் வெட்டினால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும்.

ஐரிஸில் லேசர் துளை போட்ட பிறகும் ஆங்கிள் மூடியே இருக்கிறது என்று அனுப்பப்படும் கண்களில் இது ரொம்ப முக்கியம். ப்ராசஸ்கள் முன்னால் தள்ளிக்கொண்டு ஐரிஸின் வேரை அடியிலிருந்து முட்டுக்கொடுத்து நிற்கின்றனவா, பின்னால் இருக்க வேண்டிய இடுக்கு காணாமல் போயிருக்கிறதா என்றுதான் டாக்டர் தேடுவார். ஒளிக்கீற்றால் கண்ணைப் பார்க்கும் ஸ்லிட் லாம்பின் ஒளி ஐரிஸுக்குப் பின்னால் போகாது, ஒலி போகும்.

10. அழுத்தம்: நான் செய்த தவறு

கற்றுக்கொண்ட புதிதில், அப்போது வேலை பார்த்த இடத்தில், ஒரு தோட்டத் தொழிலாளி அம்மாவுக்கு ஸ்கேன் செய்தேன். சின்ன கப், கசியக் கூடாது என்று நன்றாக அழுத்திப் பிடித்தேன். படம் அருமையாக வந்தது, நான்கு திசையிலும் ஆங்கிள் திறந்திருந்தது. கண்ணில் லென்ஸ் வைத்து ஆங்கிளை நேரில் பார்க்கும் கோனியோஸ்கோப்பி செய்த டாக்டர் மூடியிருக்கிறது என்றார். மறுபடி, பெரிய கப் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிடித்து எடுத்தேன். மூடித்தான் இருந்தது.

நடந்தது இதுதான். லிம்பஸுக்குப் பக்கத்தில் அழுத்தினால், கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவில் இருக்கும் முன்னறை நீர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு ஐரிஸைப் பின்னால் ஒதுக்கி ஆங்கிளைத் திறந்துவிடும். கோனியோஸ்கோப்பியில் டாக்டர்கள் வேண்டுமென்றே அழுத்தி இதையே செய்து பார்ப்பார்கள், நான் தெரியாமல் செய்துவிட்டேன். அழுத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கார்னியாவின் வளைவு திரையில் நெளிந்தோ தட்டையாகவோ தெரிந்தால், அல்லது கப்பை லேசாகத் தளர்த்தியதும் ஐரிஸ் முன்னால் அசைந்தால், நீங்கள் அழுத்திக்கொண்டிருந்தீர்கள். இரண்டு சொட்டு கசிந்தால் கசியட்டும், மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

11. இப்போது கெயின்

முன்னறை நீர் கருப்பாகத் தெரிய வேண்டும். அதில் பனித்தூவல் மாதிரி புள்ளிகள் தோன்றும் வரை ஏற்றி, அவை மறையும் வரை ஒரு படி இறக்குங்கள். கார்னியாவின் அடுக்குகளைப் பார்க்க இன்னும் குறைக்க வேண்டும், முன்னறையில் மிதக்கும் அழற்சிச் செல்களைத் தேட இன்னும் ஏற்ற வேண்டும். ஒளியில் ஒன்று, இருட்டில் ஒன்று என்று ஒப்பிடும் படங்களுக்கு நடுவில் மட்டும் கெயினை மாற்றாதீர்கள்.

கண்ணுக்கான ஒலி ஆற்றல் வரம்பு உடலின் மற்ற பாகங்களுக்கானதைவிடக் குறைவு. அமெரிக்க எஃப்டிஏ கண்ணுக்கு வைத்திருக்கும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலியழுத்தத்தால் திசுவுக்கு வரக்கூடிய கேட்டைக் குறிக்கும் எண்) வரம்பு 0.23, மற்ற உறுப்புகளுக்கு 1.9. கண்ணுக்கென்று செய்த இயந்திரம் இதற்குள் இருக்கும். வேறு வேலைக்கு வைத்திருக்கும் ஹை-ஃப்ரீக்வென்சி ப்ரோபைக் கண்ணில் வைத்துப் பார்க்கலாமே என்ற ஆசை மட்டும் வேண்டாம்.

12. சேமிப்பதும் அளப்பதும்

ஒற்றைப் படத்தை உறையவைக்கப் போராடாமல் சில வினாடி ஓட்டத்தைச் சேமித்து, அப்புறம் நிதானமாக நல்ல சட்டகத்தைத் தேர்ந்தெடுங்கள். நோயாளி அதுவரை தண்ணீரோடு படுத்திருக்கத் தேவையில்லை.

ஆங்கிள் திறப்பை அளக்க, ஸ்பரிலிருந்து கார்னியாவின் உள்பக்கமாக 500 மைக்ரான் போய், அங்கிருந்து செங்குத்தாக ஐரிஸ் வரை கோடு போடுங்கள். இயந்திரம் மூன்று தசமம் வரை எண் காட்டும். அதை அப்படியே நம்பாதீர்கள், பிரித்துப் பார்க்கும் திறனே 25 மைக்ரான் என்னும்போது 0.137 மி.மீ.யில் அந்தக் கடைசி 7-க்கு ஒரு அர்த்தமும் இல்லை. மூன்று சட்டகங்களில் அளந்து பாருங்கள், எண்கள் எவ்வளவு ஊசலாடுகின்றன என்று தெரியும். ஒவ்வொரு படத்திலும் எந்தக் கண், எத்தனை மணி, ஒளியா இருட்டா என்று அப்போதே எழுதுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட படங்களில் 3 மணியும் 9 மணியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

13. முடித்த பிறகு

பெடல், ப்ரோப், தண்ணீரைத் துண்டில் சாய்ப்பது, கப், இந்த வரிசை. கண்ணைப் புதிய சலைனால் அலசி, கீறலைக் காட்டும் சாயமான ஃப்ளோரசின் போட்டு ஸ்லிட் லாம்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மரப்பு விலக 20 நிமிடமாவது ஆகும், அதுவரை உட்காரவையுங்கள். எஸ்டேட் ஜீப்பின் பின்பக்கம் ஏறி மண் ரோட்டில் போகிறவருக்குக் கண்ணில் தூசி விழுந்தால்கூடத் தெரியாது, கசக்கிவிடுவார்.

கப்பை உடனே கழுவுங்கள், மெத்தில் செல்லுலோஸ் காய்ந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதன் அடியில் கிருமிநாசினி போகாது. கிருமிநாசினியில் கையேடு சொன்ன நேரம் ஊறவைத்து, அப்புறம் ஸ்டெரைல் நீரில் தாராளமாக அலசுங்கள், மிச்சமிருக்கும் மருந்து அடுத்தவரின் கார்னியாவை எரிக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பேரோ அத்தனை கப் கையிருப்பில் இருந்தால் அவசரத்தில் பாதி அலசும் பழக்கம் வராது. ப்ரோப் முனையை மென்துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். ஸ்பிரிட் படலாமா என்று கையேட்டைப் பார்க்காமல் போடாதீர்கள். பெட்டியில் வைக்கும் முன் நன்றாக உலரட்டும், எங்கள் ஊர் ஜூலை மாதத்தில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.